எஸ்.பி.பி.யின் பாட்டைக் கேட்டால் பட்டாளத்து நாட்கள் ஏன் திரும்பி வருகின்றன?

கேள்வி – வேலூர்த் தம்பி

அனைவருக்கும் வணக்கம். நான் 1985ஆம் ஆண்டு பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 17 ஆண்டுகள் பணியாற்றி, 2002 இறுதியில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். எங்கள் பிரிவினரை இராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள் என்பதால், இங்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு திருமணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைக்கும் நேரத்தில், பந்தலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய ‘பனிவிழும் மலர்வனம்’ தொடங்கியது. அடுத்த நொடியே என் மூக்கில் மண்ணெண்ணெய்ப் புகையின் நெடி ஏறியது. சாம்பார் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் எங்கே போயின என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என் மகள் என்னைத் தொட்டு, “என்னப்பா, உடம்புக்கு என்ன?” என்று கேட்டபோதுதான் நான் வேலூரில் இருப்பது எனக்கு உறைத்தது.

அந்த நெடி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1991 இறுதியில் எங்கள் கம்பெனி கார்கிலுக்கு அருகில் திராஸில் இருந்தது. ஏறத்தாழ 10,800 அடி உயரம். சோஜிலா கணவாய் பனியால் மூடிவிட்டால், வசந்தம் வந்து பாதை திறக்கும் வரை சாலை வழியாக யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. மாலையில் வேலை முடிந்ததும் ‘புகாரி’ என்னும் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்காருவோம். எங்களிடம் ஒரு சிறிய டேப் ரெக்கார்டரும் ஒரே ஒரு கேசட்டும் இருந்தன. விடுமுறையில் வந்தபோது, வேலூரில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து நான் பதிந்துகொண்ட 90 நிமிட கேசட் அது. குளிரில் பேட்டரிகள் சீக்கிரம் செத்துவிடும் என்பதால், அவற்றைக் கழற்றி உள்சட்டைப் பைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றுவோம். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக நாடாவை ஒருபோதும் மோட்டாரில் பின்னோக்கிச் சுற்றியதில்லை. பேனாவைப் பல்சக்கரத்தில் செருகிக் கையாலேயே சுற்றுவோம்.

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் பூசணிப்பூவின் மேல் நிற்கும் ஈரம். ‘பனிவிழும் மலர்வனம்’ வெளிவந்த 1982இல் எனக்கு 15 வயது. அப்போது அந்தப் பனியைத்தான் நினைத்துப் பாடிக்கொண்டு திரிந்தேன். இடுப்பளவு உறைபனியில் மண்வெட்டியால் பாதை வெட்டிவிட்டு வந்து அதே பாட்டைக் கேட்டபோது, நான் இத்தனை நாள் அறிந்திருந்த ஒரு சொல் என் கையைவிட்டு நழுவி வேறொன்றாக மாறிப்போனதை உணர்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் எல்லோரும் கலந்தே இருப்போம். எஸ்.பி.பி. யாருக்குச் சொந்தம் என்பதில் அன்றாடம் வழக்கு நடக்கும். அவர் பெற்ற ஆறு தேசிய விருதுகள் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி ஆகிய நான்கு மொழிகளுக்கும் பரவியிருப்பதே அந்த வழக்கு தீராது என்பதற்குச் சான்று. குண்டூரைச் சேர்ந்த என் நண்பன் ஒருவன் “பாலு எங்களவர்” என்று அடித்துச் சொல்வான். ஆனால் அவன் இந்தப் பாட்டைப் பாடும்போது ‘பனிவிலும்’ என்றுதான் வரும். தாய்மொழி தெலுங்காக இருந்தும் உங்கள் பாலு ‘ழ’வை எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார், நீ ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று நாங்கள் அவனைப் படுத்தியிருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். படையின் பேண்டு வாத்தியத்தை 17 ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். குடியரசு நாள் அணிவகுப்பில் இப்போது அதைக் கேட்டால் பெருமையாக இருக்கிறதே தவிர, எந்த இடமும் எந்த முகமும் கண்முன் வருவதில்லை. பட்டாளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு காதல் பாட்டுதான் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு வியப்பு: 2002இல் எல்லையில் கண்ணிவெடி புதைத்த மாதங்களில் நாங்கள் பாட்டே கேட்கவில்லை, அந்த மாதங்கள் எனக்குக் கோர்வையாக நினைவிலும் இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்கிறதா? இது ஏன்?

மறுமொழி – தேனி சிக்னல்மேன்

அன்புள்ள தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். நான் 1980இல் இராணுவத் தகவல்தொடர்புக்கான சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவன், ஜபல்பூரில் பயிற்சி. உங்கள் பிரிவில் நான்கு தென்மொழிகளாவது இருந்தன. எங்கள் பாரக்கில் நாற்பது பேருக்கு நான் ஒருவன்தான் தமிழன். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ‘மதராசி’தான். வன்மத்தோடு சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆனால் 19 வயதில், இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தடுமாறுகிற காலத்தில், அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் முகத்தில் அறைந்தது போலிருக்கும்.

1981இல் வெளிவந்த ‘ஏக் தூஜே கே லியே’ படத்தை அதற்கடுத்த ஆண்டு எங்கள் யூனிட் மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். வடநாட்டுப் பெண்ணைக் காதலிக்கும் தமிழ் இளைஞனின் கதை. கமல்ஹாசன் நடித்திருந்தார், எஸ்.பி.பி. பாடியிருந்தார். தென்னகக் குரல் இந்திக்குப் பொருந்துமா என்று இசையமைப்பாளர்கள் லக்ஷ்மிகாந்த் பியாரேலால் தயங்கியதாகவும், கதாநாயகனே தமிழன்தானே, அவன் அப்படித்தானே பாடுவான் என்று பாலசந்தர் வாதாடியதாகவும் பின்னாளில் படித்தேன். அந்தப் படத்தின் ‘தேரே மேரே பீச் மே’ பாட்டுக்குத்தான் எஸ்.பி.பி.க்குத் தேசிய விருது கிடைத்தது. அன்றிரவு எனக்கு இதெல்லாம் தெரியாது. திரையில் ஒரு மதராசி பாடுகிறான், என்னைச் சுற்றியிருந்த பஞ்சாபியும் பீகாரியும் கூர்க்காவும் கைதட்டுகிறார்கள் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, என் இந்தியைக் கேட்டு வழக்கமாகச் சிரிக்கும் ஹவில்தார் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடு என்றார். பாடினேன். அதன்பிறகு எங்கள் பாராகானா விருந்து எதுவும் என் பாட்டில்லாமல் நடந்ததில்லை. விவித பாரதியில் படைவீரர்களுக்காக ஒலிபரப்பாகும் ‘ஜெய்மாலா’ நிகழ்ச்சியில் அவர் பாட்டு வந்தால், எனக்காக வானொலியின் ஒலியைக் கூட்டி வைப்பார்கள். நான் இந்தியைக் கற்றுக்கொண்டது அந்தப் பாட்டுகளின் சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான்.

பேண்டு வாத்தியம் ஏன் உங்களை அசைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அது எல்லோரையும் ஒரே காலடியில் நடக்க வைப்பதற்கான இசை. அதில் நான் என்று ஒருவன் இருக்க இடமில்லை, இருக்கவும் கூடாது. நாள் முழுவதும் காதில் ஹெட்போன் மாட்டி இரைச்சலுக்குள்ளே எண்களையும் குறிச்சொற்களையும் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, மாலையில் ஒரு மனிதக் குரல் என்னிடம் வந்து பேசியது போல இருந்தது எஸ்.பி.பி.யின் பாட்டு மட்டும்தான். அவர் பாட்டுக்கு நடுவே சிரிப்பார், மூச்சு விடுவது கேட்கும், ஒரு சொல்லைக் குழைத்து இழுப்பார். அங்கேதான் நாம் நம்முடைய ஊரைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

2020 செப்டம்பர் 26 அன்று தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையுடன் அவரை அடக்கம் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கிகள் வானத்தை நோக்கி உயர்ந்தபோது என்னையறியாமல் எழுந்து விறைப்பாக நின்றேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுமொழி – ஆரணியிலிருந்து ஓர் இல்லத்தரசி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் பட்டாளத்தில் இருந்ததில்லை, பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்கு 1992இல் திருமணமாகிப் பதினெட்டாம் நாள் அவர் கிளம்பிவிட்டார். அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்ற படை அஞ்சலகம்தான். அவர் காஷ்மீரில் இருக்கிறாரா, அஸ்ஸாமில் இருக்கிறாரா என்பதைக் கடித உறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தது. காஷ்மீரில் கணவன் கடத்தப்படும் கதை. பார்க்க வேண்டாம் என்று மாமியார் சொன்னார்; நான் நாத்தனாரோடு போய்ப் பார்த்தேன். ‘காதல் ரோஜாவே’ பாட்டில் எஸ்.பி.பி.யின் குரல் எழுந்தபோது திரையரங்கில் எனக்கு வந்த அழுகையை முந்தானையால் அடக்க முடியவில்லை. அந்தப் படத்தில் காஷ்மீராகக் காட்டப்பட்ட இடங்களைக் குன்னூரிலும் மணாலியிலும் எடுத்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. எனக்கென்னவோ அன்று பார்த்ததுதான் அவர் இருந்த இடம்.

வேலூர் அண்ணன் சொன்னதைப் போல நானும் கேசட் பதிந்து அனுப்பியிருக்கிறேன். பாட்டுகள் முடிந்தபிறகு கடைசியில் சில நிமிடங்கள் காலியாக இருக்கும். அதில் எங்கள் மூத்த மகன் முதன்முதலாக ‘அப்பா’ என்று சொன்னதைப் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து அனுப்பினேன். அவருடைய யூனிட்டில் அந்தக் கேசட்டை எல்லோரும் கேட்டார்களாம். பாட்டு முடிந்ததும் ஒருவரும் எழுந்து போகாமல், அந்த மழலைக்காகக் காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் படுப்பார்களாம். தங்கள் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கும் மனிதர்கள் அவர்கள்.

இப்போது அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அவர் பனிமலையை நினைப்பதாகச் சொல்கிறார். நான் நினைப்பது வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. தொலைபேசி பூத்தை. அந்தக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால், அந்த நேரத்தில்தான் அவர் பூத்துக்கு அழைப்பார். கைக்குழந்தையோடு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பூத்துக்காரர் மெதுவாகப் பாட்டு போட்டிருப்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வந்ததில்லை. படையில் பணியாற்றிய நினைவு எங்களுக்கும் உண்டு, அண்ணா.

மறுமொழி – பழைய சிப்பாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி முடித்தவன். அமைதிப்படையில் 1988இலும் 1989இலும் இலங்கையில் இருந்தேன். மற்ற நண்பர்களுக்கு இந்தப் பாட்டுகள் ஊரை நினைவூட்டின. நான் இருந்த இடமோ பார்ப்பதற்கு எங்கள் ஊரைப் போலவே இருந்தது: பனைமரம், கிணறு, வேலியில் பூவரசு, கோயில் மணி. தமிழ் தெரிந்தவன் என்பதால் ரோந்து போகும்போது என்னையே முன்னால் நிறுத்துவார்கள். வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டியது என் வேலை.

வன்னியில் ஒரு மாலைப்பொழுது. மண் ஒழுங்கையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். கிடுகு வேலிக்குப் பின்னால் ஒரு வீட்டில் வானொலியில் எஸ்.பி.பி. பாடிக்கொண்டிருந்தார். என் தங்கைக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. ஒரு கணம், நான் கையில் துப்பாக்கியோடு இருப்பதையே மறந்தேன். எங்கள் பூட்ஸ் சத்தம் வேலியை நெருங்கியதும் பாட்டு நின்றது. யாரோ சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு ஒரு நாயும் குரைக்கவில்லை. வாசலுக்கு வந்த வயதான அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டதற்கு என் மொழியிலேயே பதில் சொன்னார்.

1990 மார்ச்சில் படை திரும்பியது. எனக்கு இப்போது 60 வயதாகிறது. அந்தப் பாட்டை நான் முழுவதுமாகக் கேட்டதில்லை. முதல் சரணம் முடியும் இடத்தில், அது நின்றுபோன அந்த இடத்தில், என் கை தானாகவே போய் நிறுத்திவிடுகிறது. அது எந்தப் பாட்டு என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

மறுமொழி – முல்லை

பழைய சிப்பாய் ஐயா, நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள்; அந்த ஆண்டுகளில் எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டிலும் வானொலியை அப்படி நிறுத்தியிருக்கிறோம். சத்தம் கேட்டதும் அம்மம்மா முதலில் விளக்கைத் தணிப்பா, பிறகு வானொலியை நிறுத்துவா, பிறகு எங்களைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொள்வா. அந்தக் காலத்தில் நாங்கள் இழந்தவை பல. அவற்றை இந்த இடத்தில் எழுத நான் விரும்பவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர் அந்தப் பாட்டை அறிந்தவராக இருந்திருக்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை என்பதை மட்டும் சொல்லத் தோன்றியது.

பின்னர் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் எஸ்.பி.பி.யின் குரலும் களைத்துத் தாழும். அதனால் பாட்டு முடியும்வரை முறைவைத்துச் சுற்றுவோம்.

மறுமொழி – செவிலி

இராணுவ மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். ‘ஏன்’ என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதியவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளையே மற்றக் காலத்தைவிட அதிகமாகவும் தெளிவாகவும் சொல்கிறார்கள் என்பது உளவியலில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட ஒன்று. அந்த வயதில் கேட்ட பாட்டுகளுக்கும் இது பொருந்தும். பதினேழரை வயது முடிந்ததும் படையில் சேர்ந்து, முப்பத்தைந்தை ஒட்டி ஓய்வு பெற்ற உங்கள் காலத்துச் சிப்பாயின் பணிக்காலம், மனம் எல்லாவற்றையும் ஆழமாகப் பதித்துக்கொள்ளும் அந்தக் காலத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. வீட்டைவிட்டு முதன்முதலாகப் பிரிந்ததும், முதன்முதலாக ஒரு மரணத்தை அருகில் பார்த்ததும் அப்போதுதான்.

அடுத்தது, ஒரே கேசட்டை ஒரே இடத்தில் ஒரே மனிதர்களோடு ஒரு குளிர்காலம் முழுவதும் கேட்டிருக்கிறீர்கள். அடுப்பின் நெடி, குளிர், பக்கத்தில் இருந்தவரின் தோள் எல்லாம் அந்தப் பாட்டோடு சேர்ந்தே பதிந்திருக்கின்றன. பேண்டு வாத்தியத்தையோ எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நாட்களில் கேட்டிருப்பீர்கள்; அதனால் அது எந்த ஒரு நாளையும் தனியாகப் பிடித்து வைத்திருக்கவில்லை. கண்ணிவெடி புதைத்த மாதங்களைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்லத் துணியமாட்டேன். கடுமையான விழிப்பிலும் அச்சத்திலும் கழிந்த நாட்கள் துண்டுதுண்டாக நினைவில் நிற்பதை வார்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய சிப்பாய் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாட்டைக் கேட்டே தீர வேண்டும் என்று உங்களை நீங்களே கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் தூக்கம் கெடுவதும், சத்தம் கேட்டால் உடல் பதறுவதும் இன்றும் இருந்தால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பதற்குத் தயங்கியே பலர் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வேலூர்த் தம்பி மீண்டும்

எல்லோருக்கும் என் நன்றி. முல்லை அம்மா எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் அதைத் தன் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நீங்கள் எழுதியவற்றைப் படித்த பிறகு, குண்டூர் நண்பனை நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தேன். பேசி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திராஸ், புகாரி, கேசட் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கேசட் டிசம்பரிலேயே அறுந்துவிட்டதே, உனக்கு நினைவில்லையா?” என்றான். நாடா குளிரில் விறைத்து, பேனாவால் சுற்றும்போது என் கையிலேயே அறுந்ததாம். ஒட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. பாதை திறக்கும்வரை வேறு கேசட் வரவும் வழியில்லை. “அப்படியென்றால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நாம் கேட்டது?” என்று கேட்டேன். “நான்தானே பாடினேன்” என்றான்.

இத்தனை ஆண்டுகளாக எஸ்.பி.பி.யின் குரல் என்று நினைத்து நான் சுமந்துகொண்டிருந்ததில் பாதி அவனுடைய குரலா என்று எனக்குத் தெரியவில்லை. பாடிக் காட்டச் சொன்னேன். வயதாகிவிட்டது, மூச்சு நிற்காது என்று முதலில் மறுத்தான்; பிறகு முதல் அடியை மெதுவாகப் பாடினான். ‘ழ’ இன்றும் அவனுக்கு வரவில்லை.